நாற்பத்தெட்டு புள்ளி நாலு

புத்தகக் கட்டுகள் காலை ஒன்பது மணிக்கு வந்து இறங்கின. பன்னிரண்டு கட்டு, கட்டுக்கு ஐம்பது. அட்டையில் ‘எண்பது ஆண்டுக் கண்காட்சி: ஒரு வரலாறு’ என்று பச்சை எழுத்து. அதன் கீழே கொம்பைச் சிலுப்பிக்கொண்டு ஒரு மாடு.

“பிரிக்கவா சார்?” என்று கத்தரிக்கோலோடு வந்தார் அலுவலக உதவியாளர்.

“வேணாம்” என்றார் நோட்டு.

“மூணு வருஷமா உக்காந்து எழுதினீங்க. முகத்தையாவது பார்க்க வேணாமா?”

“சாயங்காலம் பார்த்துக்கலாம். அந்த மூலையில போடுங்க. மேல ஏதாவது போட்டு மூடுங்க.”

“வெயில் காயுது, மூடணுமா?”

“மூடுங்கன்னா மூடுங்களேன்!”

உதவியாளர் ஒரு பழைய சாக்கை எடுத்துப் போர்த்திவிட்டு, ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே வெளியே போனார்.

நோட்டு என்பது பட்டப்பெயர். விவசாயக் கண்காட்சி அலுவலகத்தின் பதிவாளர் அவர். முப்பத்தொரு வருடமாகக் கையில் நோட்டு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. எந்த ஆண்டு எந்தக் கிடா எத்தனை கிலோ, எந்தப் பூசணிக்கு மூன்றாம் பரிசு என்று எதைக் கேட்டாலும் பக்கத்தைப் புரட்டாமலே சொல்வார். அதனால்தான் வரலாற்றை எழுதும் வேலையும் அவர் தலையில் விழுந்தது.

நன்றாகத்தான் எழுதியிருந்தார். முதல் ஆண்டுக் கண்காட்சிக்கு வந்தவை பதினோரு மாடும் ஒரே ஒரு கிடாவும். போட்டிக்கு வேறு ஆளே இல்லாத அந்தக் கிடாவுக்கு இரண்டாம் பரிசு கொடுத்ததால் நடந்த அடிதடி. டிராக்டர் முதன்முதலாக மைதானத்துக்குள் நுழைந்த ஆண்டு, அதன் சத்தத்தில் அறுத்துக்கொண்டு ஓடிய நாற்பது குதிரைகளில் முப்பத்தெட்டு மட்டும் திரும்பி வந்த கதை. கால்நடை நோய் பரவி, மாடுகளைக் கொண்டுவரத் தடை போட்ட ஆண்டில் மாட்டின் புகைப்படங்களைத் தொழுவத்தில் வரிசையாகக் கட்டிவைத்து, நடுவர்கள் படம் படமாகப் பார்த்துப் பரிசு கொடுத்தது. எல்லாம் இருந்தது. இருபத்து மூன்றாம் ஆண்டில் முதல் பரிசு வாங்கிய ராட்சதப் பூசணிக்குள் தண்ணீர் ஏற்றியிருந்தார்கள் என்பதைக்கூட விடாமல் தோண்டி எழுதியிருந்தார். அந்தப் பூசணிக்காரரின் பேரன் சண்டைக்கு வந்தபோது, “வரலாறுன்னா உண்மையைச் சொல்லணும் தம்பி” என்று சொல்லி அனுப்பியும் வைத்தார்.

அந்த ஒரு வாக்கியம்தான் மூன்று நாளாக அவரை உட்காரவிடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

விஷயம் நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது.

கறவைப் போட்டி பற்றிய அத்தியாயம் அங்கே பாதிப் பக்கத்தில் முடிந்துவிட்டது. “கீழ வெறும் வெள்ளையா நிக்குது சார், ஏதாவது படம் குடுங்க” என்றார் அச்சகக்காரர். நோட்டு பீரோவிலிருந்து பழைய பதிவேட்டை எடுத்து, சாதனை ஆண்டின் பக்கத்தில் ஒரு நூலை வைத்து அனுப்பினார். திறந்து பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? நாற்பத்தெட்டு புள்ளி நாலு லிட்டர். மைதானத்தின் நுழைவாயில் பலகையில் ஆளுயர எழுத்தில் நிற்கிறதே!

மறுநாள் அச்சகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. படம் பளிச்சென்று விழுந்திருந்தது. இருபத்திரண்டு வயதில் நோட்டு எழுதிய குண்டுக் கையெழுத்து. நான்கு கட்டங்கள்: 9.6, 16.4, 11.9, 10.5. ஓரத்தில் மொத்தம்: 48.4.

கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. உடனே அச்சகத்துக்குப் போன் போட்டார்.

“அந்த புரூஃப்ல ஒரு படத்தை எடுத்துடுங்க.”

“புரூஃபா? அச்சான முதல் தாளே அதுதான் சார். அறுநூறும் ஓடி முடிஞ்சாச்சு.”

டீ ஏன் கொட்டியது என்று புரிய, கறவைப் போட்டியின் ஒரு வழக்கம் தெரிய வேண்டும். போட்டிக்கு முந்தைய நாள் மாலை, நடுவர் கண்ணெதிரே எல்லா மாடுகளின் மடியையும் சொட்டு விடாமல் கறந்துவிடுவார்கள். பாலைத் தேக்கி வைத்துக்கொண்டு வந்து யாரும் ஏமாற்றக் கூடாதே! இதற்குக் காலிக் கறவை என்று பெயர். மடி காலியானதற்கு அத்தாட்சியாக அந்தப் பாலை அளந்து முதல் கட்டத்தில் எழுதுவார்கள். ஆனால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். மறுநாள் காலை, நண்பகல், மாலை என்று மூன்று கறவை. அந்த மூன்றின் கூட்டல்தான் மாட்டின் பால்.

பழைய பதிவாளர் முதல் கட்டத்தைக் கோடு போட்டு அடித்துவிடுவார். அந்த ஆண்டு அவருக்குக் காய்ச்சல். வேலைக்குச் சேர்ந்து எட்டே நாளான நோட்டுவை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதற்கு முன்னால் அவர் தானியக் கிடங்கில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவர். வரிசையில் நான்கு எண் இருந்தால் நான்கையும் கூட்ட வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். எல்லா மாட்டுக்கும் அப்படியே கூட்டினார். மைக்கில் படித்தார். மைதானம் அதிர்ந்தது. அந்த ஆரவாரத்தில் நடுவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த ஆண்டு பழையவர் வந்து, முதல் கட்டத்தை அடிக்கச் சொல்லிக் கொடுத்தார். போன வருடம் அடிக்காமல் விட்டது நோட்டுவின் மண்டையில் உறைக்கவே இல்லை.

உண்மையில் அந்த மாடு கறந்தது முப்பத்தெட்டு புள்ளி எட்டு. நல்ல மாடுதான், அதிசய மாடு இல்லை. ஆனால் அதிசயம் என்று நம்பிவிட்டார்கள். அது என்ன புல் தின்றது என்று ஒருவர் கட்டுரை எழுதினார். அந்தப் புல்லைத் தேடிப் பிடித்துப் பத்து வருடம் பயிரிட்டார்கள். எந்த மாடும் நாற்பத்தெட்டைத் தொடவில்லை. “அந்தக் காலத்து மாடு மாதிரி வருமா!” என்று பெருமூச்சு விட்டார்களே தவிர, கூட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

சாதனை படைத்தவருக்கு ஒரு பித்தளை மணி உண்டு. யாராவது முறியடிக்கும் வரை அது அவர் வீட்டில் இருக்கும். கண்காட்சியின் கடைசி நாள் மாலை, பரிசு வாங்கிய மாடும் ஆடும் குதிரையும் மைதானத்தைச் சுற்றி ஊர்வலம் போகும்போது, மணிக்கு உரியவர் அதை ஆட்டிக்கொண்டு முதல் ஆளாக நடப்பார். அந்த மாடு செத்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. சொந்தக்காரர் மட்டும் மாடில்லாமல், மணியோடு, வருடா வருடம் முன்னால் நடந்துகொண்டிருந்தார். மணிக்காரர் என்பதே அவர் பெயராகிவிட்டது.

அந்த மணிக்காரர், நோட்டுவின் மனைவிக்கு அண்ணன். அந்த உறவும் சும்மா வரவில்லை. “என் மாட்டுப் பெருமையை மைக்ல சொன்னானே, யாருய்யா அந்தப் பையன்?” என்று தேடிவந்து தங்கையைக் கொடுத்தார். நோட்டுவின் கல்யாணமே அந்த ஒரு கூட்டலில் நடந்ததுதான்.

“மாப்ளே!”

நோட்டு திடுக்கிட்டுத் திரும்பினார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும், துணி சுற்றிய மணியுமாக வாசலில் மணிக்காரர் நின்றார்.

“புத்தகம் வந்துடுச்சாமே, எங்க ஒளிச்சு வச்சிருக்கே?”

“சாயங்காலம் தலைவர் வெளியிட்டப்புறம்தான் மச்சான் குடுக்கணும்.”

“தலைவர்கிட்ட பேசியாச்சு. அம்பது காப்பி எனக்கு.” மணிக்காரர் சாக்கை இழுத்துப் போட்டார். “இது என்னய்யா? மாடு வந்து மேஞ்சிடும்னு பயந்தியா?”

கட்டை அறுத்து ஒரு புத்தகத்தை எடுத்தார். எச்சில் தொட்டுப் புரட்டினார். நாற்பத்தோராம் பக்கம் வந்ததும் அவர் கை நின்றது.

நோட்டு கீழே கிடந்த சாக்கை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

“அப்படியே போட்டுட்டியே மாப்ளே! உன் கையெழுத்து! நடுவர் கையெழுத்து! இனிமே எவனாவது சந்தேகப்படட்டும், மூஞ்சிக்கு நேரா விரிச்சுக் காட்டறேன்.”

“காட்டாதீங்க மச்சான்.”

“ஏன்?”

“இல்ல... கையெழுத்து அசிங்கமா இருக்கு.”

“அட, மாப்பிள்ளைக்கு வெக்கத்தைப் பாரு!” என்று சிரித்துக்கொண்டே ஐம்பது புத்தகத்தையும் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

கை ஓடவில்லை நோட்டுவுக்கு. கால் மட்டும் ஓடியது. மச்சானுக்குப் பத்தடி பின்னால், நிழல் மாதிரி, மைதானம் முழுக்க நடந்தார். கண்காட்சிக்கென்று வாங்கிய புது ஷூ ஒவ்வொரு அடிக்கும் கிறீச் கிறீச் என்றது.

மணிக்காரர் யாரையும் விடவில்லை. விதைக் கடைக்காரருக்கு விரித்துக் காட்டினார். “ஆகா, அந்தக் காலத்து மையோட அழகே அழகு” என்றார் அவர். டிராக்டர் விற்கிறவருக்குக் காட்டினார். “நாப்பத்தெட்டு! இப்பல்லாம் எங்கே!” என்று அவர் உச்சுக் கொட்டினார். கண்காட்சித் தலைவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் முழுசாகப் பார்த்தார். நோட்டுவின் ஷூ கிறீச்சிடுவதும் நின்றது.

“சின்ன வயசுல ‘ஒன்பது’ நல்லா போட்டிருக்கீங்க, நோட்டு” என்றார் தலைவர்.

எல்லோரும் கடைசி எண்ணையோ கையெழுத்தின் அழகையோ பார்த்தார்கள். முதல் கட்டம் ஏன் அடிபடாமல் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பத்துப் பேர் பார்த்து முடித்ததும் நோட்டுவுக்கு உயிர் திரும்பியது. அடுத்த நொடியே போனது. பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்கக்கூடிய ஆள் ஒருவர் இந்த மைதானத்தில் இருக்கிறார்.

கால் தானாகக் கறவைக் கொட்டகைப் பக்கம் திரும்பியது.

அந்த அம்மாளை எல்லோரும் நாற்பத்தஞ்சக்கா என்பார்கள். பெயர் வைத்தவர் மணிக்காரர். ஏழு வருடமாக ஒரே மாட்டோடு வருகிறாள். ராங்கி என்று அந்த மாட்டுக்குப் பெயர். பிடிக்காத ஆள் கிட்டே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து புள்ளி ஒன்று, நாற்பத்து நான்கு புள்ளி ஒன்பது என்று ஒவ்வொரு வருடமும் மற்ற மாடுகளை மைல் கணக்கில் முந்தும். முதல் பரிசு வாங்கும். ஆனால் மணி வராது. போட்டி முடிந்ததும் மணிக்காரர் வேலை மெனக்கெட்டு வந்து, ராங்கியின் காதருகில் மணியை ஒரு தடவை ஆட்டிவிட்டு, “அடுத்த வருஷம் பார்க்கலாம், நாற்பத்தஞ்சு!” என்பார்.

இனி அடுத்த வருடம் கிடையாது. ராங்கியின் முழங்கால் வீங்கியிருந்தது. இந்தத் தடவையோடு வண்டியில் ஏற்றக் கூடாது என்று கால்நடை டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவர்தான் போட்டிக்கு நடுவரும்.

“வாங்க நோட்டு சார்” என்றாள் நாற்பத்தஞ்சக்கா, வாளியைக் கழுவிக்கொண்டே. “காலைல பதினெட்டு புள்ளி ஆறு. எழுதிட்டீங்கல்ல?”

“எழுதிட்டேம்மா.”

“இதுவரைக்கும் காலைல அவ்வளவு குடுத்ததே இல்ல. கிழவிக்குத் தெரிஞ்சிருக்கு, இதுதான் கடைசின்னு.” மாட்டின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். “ஆமா, புத்தகம் போட்டிருக்கீங்களாமே? எங்க பேரு இருக்கா?”

“இருக்கு, இருக்கு. சாயங்காலம் தரேன்.”

“அங்க உங்க மச்சான் கூவிக் கூவிக் குடுத்துட்டு இருக்காரு. எனக்கு மட்டும் சாயங்காலமா?”

“தீர்ந்துடுச்சும்மா” என்று வாயில் வந்ததைச் சொன்னார் நோட்டு. ஐநூற்று ஐம்பது புத்தகம் அலுவலகத்தில் கிடக்கிறது.

அவள் பதில் சொல்வதற்குள் கொட்டகையின் மேல் சிவப்புக் கொடி ஏறியது. மணி பன்னிரண்டு.

இந்தக் கொடிக்கு மட்டும் மைதானமே கட்டுப்படும். கொடி ஏறினால் வாத்தியம் நிற்கும், டிராக்டர் நிற்கும், ராட்டினம் நிற்கும், மைக் வாயை மூடும். சத்தத்தில் மாடு மிரண்டால் பாலை அடக்கிக்கொள்ளும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் மடியிலிருந்து இறங்காது. பத்தாயிரம் பேர் கிசுகிசுவென்று பேசிக்கொண்டு நிற்பார்கள்.

அந்த அமைதியில் வாளிக்குள் பால் விழும் சத்தம் மட்டும் கேட்டது. சர்ர், சர்ர். நோட்டு கொட்டகைக்குள் அளவு எழுத நின்றார். நிற்க முடியவில்லை. அந்தக் கோடிக்கு நடந்தார். இந்தக் கோடிக்கு வந்தார். சொல்லிவிடலாமா? மைக் இருக்கிறது, நோட்டு இருக்கிறது. சொன்னால் மச்சான்? மச்சான் போனால் மனைவி? சொல்லாவிட்டால்? யாருக்குத் தெரியப் போகிறது? கிறீச். கிறீச். ஏழு வருடம். கிறீச். அவளுக்குத் தெரிய வேண்டாமா? கிறீச்.

“சார்!”

நாற்பத்தஞ்சக்கா கறப்பதை நிறுத்தியிருந்தாள். ராங்கி காதை விறைத்துக்கொண்டு, கண்ணை உருட்டி, நோட்டுவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அடக்கிக்கிச்சு” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. “எட்டு லிட்டர்கூட வரல, அடக்கிக்கிச்சு! உங்களுக்கு என்ன சார் வந்துச்சு இன்னைக்கு? குட்டி போட்ட பூனை மாதிரி! தயவுபண்ணி வெளிய போங்க!”

டாக்டரம்மாவும் கையை ஆட்டி விரட்டினார். நோட்டு குனிந்து, ஷூவைக் கழற்றி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, வெறும் காலோடு வெளியேறினார்.

அவள் மடியை வருடி, மாட்டோடு ஏதேதோ பேசி, மறுபடி கறந்தாள். பன்னிரண்டு புள்ளி நாலு. பதினாலு லிட்டராவது வந்திருக்க வேண்டும் என்று கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். காலையும் சேர்த்து முப்பத்தொன்று. மாலையில் பதினேழரை கறந்தால்தான் பலகையை முந்தலாம். மாலையில் எந்த மாடும் பதினேழரை கறந்ததில்லை.

நோட்டு நேராகக் காய்கறிக் கூடத்துக்குப் போனார். அவர் மனைவி அங்கே பரிசு அட்டைகளை எழுதிக்கொண்டிருந்தாள்.

“ஷூ எதுக்கு கையில?” என்றாள்.

அவர் அங்கேயே, முட்டைக்கோஸ் குவியலுக்குப் பக்கத்தில் நின்று, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அவள் பேனாவை மூடவில்லை. அட்டையில் ஒரு நீலப் பொட்டு ஊறிப் பெரிதானது.

“அப்போ நம்ம கல்யாணம், அந்த ஒன்பது புள்ளி ஆறுலதான் நடந்துச்சா?”

“அப்படிச் சொல்லாதே.”

“வேற எப்படிச் சொல்ல? மூணு நாளா வீட்டுக்குள்ள நடந்து நடந்து தரையைத் தேய்ச்சீங்களே, இதுக்குத்தானா? நான் சக்கரை ஏறிடுச்சோன்னு பயந்தேன்.” குரலைத் தாழ்த்தினாள். “ஏங்க, சொல்லிடப் போறீங்களா?”

“தெரியல.”

“சொல்லாதீங்க. அண்ணனுக்கு அந்த மணியை விட்டா என்ன இருக்கு? வருஷத்துல ஒரு நாள் அதை ஆட்டறதுக்குத்தான் மத்த நாளெல்லாம் எழுந்து நடமாடறாரு. இன்னைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கங்க. அப்புறம் மெதுவாப் பார்த்துக்கலாம்.”

“அந்த அம்மாவுக்கு அப்புறம் இல்ல. மாட்டுக்குக் கால் போச்சு.”

அவள் புது அட்டை ஒன்றை எடுத்தாள்.

மூன்று மணிக்கு அலுவலகம். நாலு மணிக்குக் குதிரை லாயம். ஐந்து மணிக்கு வெறுமனே நுழைவாயில் பலகையின் அடியில். நோட்டு எங்கும் ஐந்து நிமிடம் தங்கவில்லை. சட்டைப் பையில் நோட்டு உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்று நாளாக எல்லாப் பதிவேட்டையும் புரட்டி அதில் ஒரு பட்டியல் எழுதியிருந்தார். முப்பத்தெட்டு புள்ளி எட்டைத் தாண்டியவர்கள், இந்த முப்பத்தொரு வருடத்தில், ஏழு பேர். அதில் மூன்று பேர் இப்போது உயிரோடு இல்லை. மணி தங்களுடையது என்று தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஆறு மணிக்குக் கொடி ஏறியது. இந்தத் தடவை நோட்டு கொட்டகைக்குள் போகவில்லை. வேலிக்கு வெளியே, வெறும் காலோடு, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கால் விரல்கள் மட்டும் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன.

ராங்கி அடக்கிக்கொள்ளவில்லை. வாளி நிறைந்தது, இரண்டாவது வாளி வந்தது. டாக்டரம்மா அளந்தார்.

“பதினாலு புள்ளி ஏழு. மொத்தம் நாப்பத்தஞ்சு புள்ளி ஏழு. முதல் பரிசு!”

கொடி இறங்கியது. வாத்தியம் முழங்கியது. நாற்பத்தஞ்சக்கா கையைத் துடைத்துக்கொண்டு, நெற்றியை மாட்டின் விலாவில் ஒரு கணம் முட்டுக்கொடுத்து நின்றாள். பிறகு நிமிர்ந்து கயிற்றை அவிழ்த்தாள்.

“சரி விடு, ராங்கி. வீட்டுக்குப் போலாம்.”

தூரத்தில் மணி ஆட ஆரம்பித்துவிட்டது. ஊர்வலத்தின் தலையில் நிற்பதற்கு முன்னால், வழக்கம்போல இந்தப் பக்கம் ஒரு நடை வருகிறார் மணிக்காரர்.

நோட்டு வேலியைத் தாண்டினார். கம்பியில் சட்டை கிழிந்தது. யாரோ பெஞ்சில் போட்டுவிட்டுப் போயிருந்த புத்தகத்தை எடுத்து, நாற்பத்தோராம் பக்கத்தை விரித்து, அவள் முன்னால் நீட்டினார்.

“தீர்ந்துடுச்சுன்னீங்க?”

“படத்தைப் பாருங்கம்மா.”

அவள் பார்த்தாள். கடைசி எண்ணை அல்ல, முதல் கட்டத்தைத்தான் முதலில் பார்த்தாள். உதடு அசைந்தது. இரண்டாவது முறையும் அசைந்தது.

“காலிக் கறவையையும் சேர்த்திருக்கீங்க.”

“ஆமா.”

“எப்பத் தெரியும்?”

“மூணு நாளா.”

“மூணு நாளாத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் மத்தியானம் என் மாட்டைச் சுத்திச் சுத்தி நடந்தீங்களா?”

நோட்டு தலையைக் குனிந்துகொண்டார். அடித்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார். அவள் அடிக்கவில்லை. புத்தகத்தை அவர் மார்பில் வைத்து அழுத்தினாள்.

“மைக்ல கூட்டினீங்கல்ல? அதே மைக்ல போய்க் கழிங்க. நான் இங்கயே நிக்கறேன்.”

மைக் மேடைக்கு நூறடி. நோட்டு ஓடினார். அறிவிப்பாளரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

“ஊர்வலம் ஒரு நிமிஷம் நிக்கட்டும்” என்றார். குரல் மைதானத்தின் நான்கு மூலையிலும் மோதித் திரும்பியது. “முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால இந்த மைக்ல ஒரு தப்பான கூட்டல் சொன்னாங்க. சொன்னவன் நான்தான். புத்தகம் கையில இருக்கறவங்க நாப்பத்தோராம் பக்கத்தைத் திருப்புங்க. முதல் கட்டத்தை அடிங்க. அது காலிக் கறவை. மிச்சம் முப்பத்தெட்டு புள்ளி எட்டு. அதைத் தாண்டினவங்க பேரைப் படிக்கறேன்.”

படித்தார். ஏழு பேர். கடைசிப் பெயரைப் படித்துவிட்டு, “இந்த அம்மா தாண்டினது ஒரு தடவை இல்ல, ஏழு தடவை. மூணு வருஷம் முன்னால நாப்பத்தஞ்சு புள்ளி ஒன்னு கறந்ததுல இருந்து சாதனையே அவங்களோடதுதான். இன்னைக்கு அவங்க சாதனையை அவங்களே முறியடிச்சிருக்காங்க. மணி அவங்களுக்குத்தான் போகணும்” என்றார்.

சிவப்புக் கொடி ஏறாமலே மைதானம் அமைதியானது. அப்புறம் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. பத்து, இருபது, ஐம்பது புத்தகம். மணிக்காரர் காலையிலிருந்து கூவிக் கூவிக் கொடுத்தவை.

மணிக்காரர் கொட்டகைக்குப் பாதி வழியில் நின்றிருந்தார். மணியை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தார். தலைவர் போய்க் கேட்டார், டாக்டரம்மா போய்க் கேட்டார். அவர் அசையவில்லை.

“என் மாடு... என் மாடு நாப்பத்தெட்டு... மாப்ளே பொய் சொல்றான்” என்று மட்டும் சொன்னார்.

காய்கறிக் கூடத்திலிருந்து நோட்டுவின் மனைவி வந்தாள். வேகமாக வந்தவள் அருகில் வந்ததும் மெதுவானாள். அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாக மணியிலிருந்து பிரித்தாள்.

“குடுண்ணா. ஆட்டினது போதும். கை வலிக்கும்.”

அவர் விட்டுவிட்டார். அவள் மணியைக் கொண்டுபோய் நாற்பத்தஞ்சக்காவின் கையில் வைத்தாள். கூட்டம் கைதட்டியது. “ஆட்டுங்கக்கா! ஆட்டுங்க!” என்று கத்தினார்கள்.

நாற்பத்தஞ்சக்கா மணியைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, மணியின் நாக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

“என்னம்மா இது?” என்றார் தலைவர்.

“ராங்கிக்குச் சத்தம் ஆகாதுங்க. ஏழு வருஷமாக் காதுக்கிட்ட ஆட்டினது போதும்.”

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் நாற்பத்தஞ்சக்காவும், நொண்டி நொண்டி, யாரையும் திரும்பிப் பார்க்காமல் ராங்கியும். அவள் கையில் சத்தமில்லாத மணி. அத்தனை வருடத்தில் முதல் முறையாக மாடுகளின் குளம்புச் சத்தம் மைதானத்தில் கேட்டது.

நோட்டு மேடையிலிருந்து இறங்கினார். ஷூவை எங்கே விட்டார் என்று தெரியவில்லை. ஊர்வலத்தின் வால் பகுதியில், கடைசி ஆட்டுக்கும் பின்னால், மணிக்காரர் நடந்துகொண்டிருந்தார். பழக்கத்தில் வலது கை மட்டும் தானாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. நோட்டு பத்தடி பின்னாலேயே போனார். காலையில் நடந்த அதே பத்தடி.

கால் சுற்று போனதும் மணிக்காரர் திரும்பாமலே கேட்டார்.

“அந்த வருஷம் ரெண்டாவது வந்த மாடு எவ்வளவு?”

நோட்டுவுக்கு நோட்டு தேவைப்படவில்லை.

“காலிக் கறவை போக முப்பத்தாறு புள்ளி ரெண்டு.”

“அப்போ என் மாடு ஜெயிச்சது ஜெயிச்சதுதானே?”

“ஜெயிச்சதுதான் மச்சான்.”

மணிக்காரர் நடையைக் கொஞ்சம் குறைத்தார். பத்தடி எட்டடியானது. வேலியோரம் நின்ற மனைவி, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கணவரிடம் சத்தமாகச் சொன்னாள்:

“அறுநூறு புத்தகத்துலயும் அந்த முதல் கட்டத்தைப் பேனாவால அடிக்கணும். தெரியும்ல? வீட்டுக்கு எடுத்துட்டு வாங்க. உக்காந்து அடிங்க. நடந்துக்கிட்டே அடிச்சா கோடு கோணலாப் போகும்.”